கீழ்ப்படிதலும் அதன் உறவுச் சொற்களும்

(ஜூபிலி ஆண்டையொட்டி நடைபெற்ற குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்றைக்கு "கீழ்ப்படிதல்" பற்றிப் பேச வேண்டும் என்று நம்மிடம் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் சொல் பேச்சு கேட்பதில்லை என்ற குறை வீட்டுக்கு வீடு இருப்பதால் இந்தத் தலைப்பு வந்தது என்று அறிகிறோம். முன்வரிசையில் இப்போது தலையாட்டுகிறவர்கள் அனைவரும் பெற்றோர்களே! சற்றுப் பொறுங்கள், பேச்சு உங்கள் பக்கமும் வரும்.

நம் திண்டுக்கல்லில் சேசு சபையில் சேரும் இளைஞர்கள் தங்கள் துறவுப் பயிற்சியைத் தொடங்கும் இல்லத்துக்குப் பெஸ்கி இல்லம் என்று பெயர். பெஸ்கி என்பவர் வேறு யாருமல்லர், நம் வீரமாமுனிவரே. இத்தாலியில் பிறந்த அவர் 1732இல் சதுரகராதியைத் தந்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று அது நான்கு பகுதி. அவற்றுள் பொருளகராதி, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் திரட்டித் தருவது. ஆனால், ஒரே இடத்தில் நிற்பதால் எல்லாச் சொற்களும் ஒன்றாகிவிடுமா? பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு மாங்காய்ப் பூட்டுக்களை ஒரே சாவியால் திறக்க முடியாது என்பது பூட்டுக்குப் பேர்போன இவ்வூர் மக்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடங்குதல், பணிதல், இணங்குதல், கீழ்ப்படிதல் என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் உண்டு. தடியைக் கண்டால் கூட்டம் அடங்கும். ஒருவன் தன்னைத்தானே அடக்கினால் அது பண்பு. பிறனை அடக்கினால் அது கொடுமை. கல்லறையில் நாம் செய்வதற்கும் அடக்கம் என்றே பெயர். மனைவியின் வாயை அடைத்து வைத்துவிட்டு, "எங்கள் வீட்டில் அவள் மிகவும் அடக்கம்" என்று பெருமை பேசுகிறவர், எந்த அடக்கத்தைச் சொல்கிறார் என்று நமக்கு ஐயமாயிருக்கும். இணங்குதல் அப்படியன்று, இருவர் பேசி, மனம் பொருந்தி வருவது. எதற்கெடுத்தாலும் "ஆமாம் சாமி" போடுவது இவற்றுள் எதிலும் சேராது. அது வாசற்படி தாண்டும்வரை நிற்கும் பணிவு, அவ்வளவுதான்.

இனி, வீட்டில் நாம் தினமும் சொல்லும் சொல்லுக்கு வருவோம். "அவன் கீழ்ப்படிவதில்லை" என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. "சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான்" என்றே சொல்கிறாள். இலத்தீனில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் கேட்டல் என்ற வேரிலிருந்தே பிறந்தது. குருமடத்தில் அதைப் படித்தபோது நம் தாய்மொழி நினைவுக்கு வந்து மகிழ்ந்தோம். எபிரேயத்திலும் செவிமடுத்தலும் கீழ்ப்படிதலும் ஒரே சொல்தான். ஆனால் தமிழ் இன்னும் ஒருபடி மேலே போகிறது. செவியால் கேட்பதும் கேட்டல், சொன்னபடி நடப்பதும் கேட்டல், "ஏன், எப்படி?" என்று வினவுவதும் கேட்டல்! கேள்வி கேட்கிற பிள்ளையைச் சொல் கேளாத பிள்ளை என்று நாம் அடித்தால், ஒரே சொல்லின் ஒரு பாதியைக் கொண்டு மறுபாதியை அடிக்கிறோம்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு, கோவிலில் போதகர் நடுவே அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறார். அவர்களிடம் கேள்வியும் கேட்கிறார். தாய் மரியாளும், ஏன் இப்படிச் செய்தாய் என்று மகனைக் கேட்கிறார். அதன்பின் அவர் நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குப் பணிந்து வாழ்ந்தார். தந்தை சூசையப்பரோ நற்செய்தியில் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. கனவில் கேட்டதைக் கேட்டபடியே செய்தவர். இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனவர். அதற்கும் முன்பே, மரியாளைப் பழிப்புக்கு உள்ளாக்க மனமில்லாதவராய் இருந்தார். இவரையே வீரமாமுனிவர் வளன் என்ற பெயரில் தேம்பாவணியின் தலைவராக்கினார். நம் மறைமாவட்டப் பேராலயமும் இவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

இப்போது ஆண்கள் கவனிக்க வேண்டிய இடம். எபேசியர் திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தின் 22ஆம் வசனம், மனைவி கணவனுக்குப் பணிந்திருப்பதைக் கூறுகிறது. விவிலியத்தில் வேறொன்றும் அறியாத ஆண்மகனுக்கும் இது மனப்பாடம்! அதற்கு முந்திய 21ஆம் வசனமோ, எல்லாரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கும்படி கேட்கிறது. கிரேக்க மூலத்தின் மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்குத் தனியாக வினைச்சொல்லே கிடையாது. 21இலிருந்து கடன் வாங்கித்தான் அது நிற்கிறது. ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் "கீழ்ப்படிதல்" கிரேக்கத்தில் வேறு சொல். மனைவிக்கு அச்சொல் வரவில்லை. மனைவிக்கு வந்த வினையோ, நாசரேத்தில் இயேசு பெற்றோருக்குப் பணிந்திருந்ததைக் கூற லூக்கா கையாண்ட அதே வினை. இறைமகன் ஒரு தச்சருக்குப் பணிந்ததில் அடியும் உதையும் இருந்ததா? கணவனுக்குப் பவுல் விதிப்பது இன்னும் பாரமானது: கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் அன்பு செய்ய வேண்டும். அதை யாரும் மனப்பாடம் செய்வதாகக் காணோம்.

"துறவிகள் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிகிறார்களே, சாமி?" என்று சிலர் கேட்பதுண்டு. கீழ்ப்படிதலைப் பற்றிப் புனித இஞ்ஞாசியார் 1553இல் போர்த்துக்கல் நாட்டுச் சேசு சபையாருக்கு எழுதிய மடல் பேர்பெற்றது. செயலால், மனத்தால், அறிவால் என்று மூன்று படிகளை அதில் வகுக்கிறார். கண்டிப்பானவர்தான். ஆயினும் அதே மடலில், தலைவரின் எண்ணத்துக்கு மாறான எண்ணம் ஒருவருக்குத் தோன்றினால், செபித்துவிட்டு அதைத் தலைவரிடம் எடுத்துச் சொல்லலாம் என்றும் இடம் கொடுக்கிறார். தாமே விரும்பி வார்த்தைப்பாடு கொடுத்த துறவிக்கே இந்த இடம் உண்டென்றால், வாழ்க்கைத் துணையாய் வந்தவளுக்கு அது இல்லையா?

இனி நம் பங்கில் திருமணத் தயாரிப்புக்கு வருகிறவர்கள் அப்பகுதியை 21ஆம் வசனத்திலிருந்தே வாசிப்பார்கள். ஞாயிறு வாசக நூலும் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் அடிபடும் பெண்கள் யாராயினும் பங்கு இல்லத்துக்கு எந்நேரமும் வரலாம். "பொறுத்துக்கொள், அம்மா" என்று திருப்பி அனுப்பமாட்டோம். அவர்களுக்கென 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. அரசின் 181 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. அந்த எண்ணைக் கோவில் வாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். திருப்பலி முடிந்து போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.