படத்தின் விளிம்பு



எங்கள் பர்கூர் ஜவுளிக் கடைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். புடவை உடுத்திய பெண்ணின் படத்தைப் பின்புலத்தினின்று பிரித்தெடுத்து விளம்பரத் தட்டிகளில் அமைப்பது அங்கே அன்றாட வேலை. கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற நான் அவ்வேலையின் நுட்பத்தை அறிய நேர்ந்தது, மறைந்த என் தங்கையின் படத்தால்.

1986-இல் நீலத் திரைக்கு முன் எடுத்த படம் அது. காதோரம் எப்போதும் பறக்கும் மயிரிழைகள் இரண்டு மூன்று. அவளை அறிந்தோர் அவற்றையும் அறிவர். நினைவு நாளுக்காக அப்படத்தை ஒரு கடையில் கொடுத்தேன். வெண்ணிறப் பின்புலத்தோடு திரும்பி வந்தது. முகம் அவளுடையதுதான், தலையோ அட்டையைக் கத்தரித்தாற்போல் இருந்தது. முதுமையால் தளர்ந்த என் தாயார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்றார்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் இத்தொழிலில் இருக்கிறான். அவனிடம் மூலப் படத்தைக் கொண்டு சென்றேன். கணினித் திரையில் அதனைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டினான். நீங்களும் உங்கள் கைப்பேசியிலுள்ள படமொன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களின் தொகுதி. மயிரிழை அச்சதுரத்தினும் மெலிதாயிருப்பின், கூந்தலின் கருமையும் திரையின் நீலமும் ஒரே சதுரத்தில் கலந்து கிடக்கும். அச்சதுரத்தை உள்ளே என்றோ வெளியே என்றோ தீர்ப்பளித்தால் பிழையே நேரும். எவ்வளவு உள்ளே என்று கேட்பதே முறை. அவ்வளவைப் பெரும்பாலும் 0 முதல் 255 வரையிலான எண்ணால் குறிப்பர்; அதற்கு ஆல்ஃபா என்று பெயர். 1970-களின் இறுதியில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் என்னும் இருவர் நியூயார்க்கில் வகுத்த வழி இது. எண் 64 என்றால், கூந்தலின் நிறத்தில் ஏறத்தாழக் கால் பங்கு, புதிய பின்புலத்தில் முக்கால் பங்கு. பின்னக் கணக்கு எதற்கு ஐயா உதவும் என்று ஆண்டுதோறும் எவனாவது ஒருவன் கேட்பான். அன்று இவ்விடை எனக்குத் தெரியாமற் போயிற்று!

அவன் கையாண்டது 1990-இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருளின் இன்றைய வடிவம். அது திறக்கும்போது தோன்றும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைக் கண்டு நம் பிள்ளைகள் மகிழ்ந்ததுண்டு.

விளிம்பை மென்மையாக்க ஃபெதர் என்றொரு வசதி உண்டு. அது சுற்றிலும் ஒரே அளவாக மங்கச் செய்யும். தோளுக்கு அது மிகை. கூந்தலுக்கோ அது போதாது. ஆகவே அவன் தோளின் கோட்டைக் கூர்மையாகவே விட்டு, கூந்தலோரத்தில் மட்டும் தூரிகையை அகலமாக ஓட்டினான். அப்பட்டைக்குள் எது மயிர், எது திரை என்பதை மென்பொருள் கணித்தது. இழைகள் மீண்டன, ஆனால் அவற்றில் பழைய திரையின் நீலம் ஒட்டியிருந்தது. அருகிலுள்ள கூந்தலின் நிறத்தைக் கொண்டு அதனையும் மாற்றினான். இவ்வளவுக்கும் ஒரு மாலைப்பொழுது சென்றது.

முடிவில், "ஐயா, காதோரம் பறக்கும் இந்த இழைகளை எடுத்துவிடட்டுமா? படம் துப்புரவாக இருக்கும்" என்றான். வேண்டாம் என்றேன்.

மறுநாள் சட்டமிட்ட படத்தைத் தாயாரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியின்மேல் விரலை வைத்து, அவ்விழைகளைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவதுபோல் தடவினார்.