மலைக்குப் போனால் சாமை வாங்குங்கள்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் பீமன் அருவியில் குளிக்கிறார்கள். காவலூர் வானாய்வகத்தை எட்டிப் பார்க்கிறார்கள். காரில் சினிமாப் பாட்டை அலறவிட்டபடி இறங்கிவிடுகிறார்கள். சாப்பாடும் கீழிருந்தே கட்டிக்கொண்டு போனதுதான். இப்படிப் போய்வந்தால் மலைவாசிகளுக்கு என்ன மிச்சம்? அந்த மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் விளைகிற சாமை என்னும் சிறுதானியம், மழையை மட்டுமே நம்பிய பயிர். அதன் உமியை நீக்குவது பெரும்பாடு. உமியோடு வியாபாரிக்குப் போட்டால் விலை குறைவு. அரிசியாக்கி விற்பவருக்கே லாபம். அதனால், மலையிலேயே அரிசியாக்கி விற்கும் சாமையை வாங்கினால் அந்த லாபமும் அங்கேயே தங்கும்.

‘நகரத்துக் கடையிலேயே சாமை கிடைக்கிறதே’ என்பீர்கள். உண்மைதான். ஐ.நா. 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, பொட்டலங்களும் பெருகின. ஆனால் இடையில் கைகள் கூடக்கூட, உழவர் பங்கு சுருங்கும். சாமையோடு தேனும் வாங்கலாமே என்றால், ‘மலைத்தேன் அசல்தானா?’ என்பது நியாயமான சந்தேகம். சாலையோரப் பாட்டிலைத் தவிர்த்து, பழங்குடியினர் கூட்டாக நடத்தும் விற்பனை நிலையத்தில் விசாரித்து வாங்கலாம். இரண்டு கிலோ சாமையால் ஒருவர் வறுமை தீராது. வருகிறவர்கள் எல்லோரும் வாங்கினால், அடுத்த போகமும் சாமை விதைக்க ஒரு காரணம் இருக்கும்.