வெயில் எங்களுக்குப் பழக்கமா?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். “இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தனாங்கள், எங்களை அது என்ன செய்யும்?” என்று பலர் சொல்லக் கேட்டேன். ஒரு வைத்தியராக அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மனிதர் காலநிலைக்கேற்ப மாறியது உண்மைதான். எங்கள் நரம்புகளில் குளிரை உணரும் வாங்கி ஒன்று உண்டு. பெப்பமின்ற் இனிப்பு வாயில் குளிர்வதும் அதனால்தான். அதன் பரம்பரையலகுக்கு அருகே உள்ள ஒரு சிறு மாற்றம் நைஜீரிய வம்சாவளியினரிடம் 5 வீதமாகவும், பின்லாந்து வம்சாவளியினரிடம் 88 வீதமாகவும் காணப்படுவதாக 2018 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. குளிர்நாடுகளில் வாழ அது உதவியிருக்கலாம். ஆனால் அதே மாற்றம் ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது.

இப்படியான மாற்றம் பரவப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். எங்கள் பாடசாலையின் நூறு ஆண்டுகள் வெறும் நான்கு தலைமுறை. பூமி இன்று சூடேறும் வேகத்துக்குப் பரம்பரையலகுகள் ஈடுகொடுக்க மாட்டா.

நாங்கள் ‘பழக்கம்’ என்று சொல்வது வேறு. வெயிலில் தினமும் நடமாடினால் இரண்டு வாரத்தில் உடம்பு தயாராகிவிடும்: வியர்வை முந்தி வரும், கூடுதலாக வரும், அதில் உப்புக் குறையும், இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். குளிர்நாட்டுக்குப் போனால் சில வாரங்களிலேயே இந்தத் தயார்நிலை போய்விடும். பிறந்த ஊர் அதை எங்களுக்காகச் சேமித்து வைப்பதில்லை.

ஆகவே, விடுமுறையில் வருபவர்கள் முதல் இரண்டு வாரமும் நண்பகல் வெயிலைத் தவிருங்கள். இங்கேயே இருக்கும் அம்மாமாரையும் மறவாதீர்கள். வயது போகப் போகத் தாகமும் வியர்வையும் குறையும். பிரசருக்கு எடுக்கும் சில குளிசைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். காற்றில் ஈரம் கூடிய நாளில் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தொலைபேசியில் “சாப்பிட்டீங்களோ அம்மா?” என்று கேட்கும்போது “தண்ணி குடிச்சீங்களோ?” என்றும் கேளுங்கள்.

வெயிலில் ஒருவருக்கு உடம்பு கொதித்துப் பேச்சுத் தடுமாறினால் பனடோல் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்தச் சில நிமிடங்கள் உயிரைக் காக்கும்.