சிறார் வரையும் கொடி

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைக் கொடிகளின் வரலாறு என்றே கூறிவிடலாம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை எழுப்பித் தம் கொடியை ஏற்றினர். 1639-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782-ஆம் ஆண்டில் மாத்திரம் ஜனவரியில் ஆங்கிலேயர் கொடியும், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கொடியும் மாறிப் பறந்தன. 1795-இல் மீண்டும் வந்த ஆங்கிலேயரின் கடற்படைத் தளம், நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், 1957-இலேயே கைமாறியது. இக்கொடிகளை ஏற்றுமுன் ஊராரின் சம்மதத்தை எவரும் கேட்டாரில்லை.

அத்தகைய ஊரிலே ஒரு பாடசாலையின் சின்னஞ்சிறார் கூடியிருந்து தமக்கென ஒரு கொடி வரைவார்களாயின், அதனை விளையாட்டென்று ஒதுக்கிவிடலாகாது. சம்மதம் கேட்டு ஏற்றப்படும் கொடி அது.

வேலை தொடங்கியவுடனே சிக்கலும் தொடங்கும். ஒரு பிள்ளை கோணேசர் கோயிலை வரையவேண்டும் என்னும். மற்றொன்று பள்ளிவாசலின் பிறையை விரும்பும். கோட்டைக்குள் உலவும் புள்ளிமானைக் கேட்கும் பிள்ளையும் உண்டு. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளையும் ஒன்றுவிடாமல் வரைந்து வைக்கும் பிள்ளையும் உண்டு. இவை அனைத்தையும் ஒரே துணியில் திணித்தால் கொடி சந்தைக் கடையாகிவிடும்.

போட்டி வைத்து ஒன்றைத் தேர்வது ஒரு வழி. 1927-இல் அலாஸ்காவில் மாணவரிடையே அவ்வாறே போட்டி நடந்தது. பெனி பென்சன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், நீலப் பரப்பிலே சப்தரிஷி மண்டலத்தையும் துருவ நட்சத்திரத்தையும் பொன்னிறத்தில் வரைந்து வென்றான். இன்றும் அம்மாநிலத்தின் கொடி அதுவே. அழகிய கொடிதான், எனினும் ஒருவன் வெல்ல, ஏனையோர் தோற்றனர். சிறுவகுப்புக்கு அது ஏற்ற வழியாகாது.

ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுப்பது மற்றொரு வழி. நம் நாட்டுக் கொடியை ஆராய 1948-இல் அமைந்த குழு, சிங்கக் கொடியின் அருகே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் செம்மஞ்சள், பச்சைக் கோடுகளைச் சேர்த்தது. 1951-இல் அக்கொடி ஏற்கப்பட்டது. குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதற்கு உடன்படவில்லை. பங்கு கொடுத்தமையாலேயே மனம் நிறைந்துவிடாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவற்றினும் நல்ல வழியைத் துறைமுகமே கற்பிக்கின்றது. கப்பல்களின் சமிக்ஞைக் கொடிகளில் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை என ஐந்தே நிறங்கள் உண்டு. மஞ்சட் கொடி, "கப்பலில் நோயில்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்" என்கின்றது. நீலத்தின் நடுவே வெண்சதுரம் கொண்ட கொடி, கப்பல் புறப்படப் போவதை அறிவிக்கின்றது. இவற்றில் எழுத்து ஒன்றும் இல்லை. எனவே எம்மொழி பேசும் மாலுமியும் அவற்றை அறிந்துகொள்கின்றான். நெடுந்தூரத்திலும் தெளிவாகத் தெரிவதே அவற்றின் இலக்கணம்.

இதனைச் சிறார் தாமே கண்டறியும்படி செய்யலாம். அவர்கள் வரைந்த படங்களை மண்டபத்தின் ஒரு சுவரில் ஒட்டி, மறு கோடியில் நின்று பார்க்கச் செய்க. மானின் புள்ளிகள் மறைந்துபோகும். ஏழு கிணறுகளும் ஒரே கறையாகும். எழுத்துக்கள் எறும்பு வரிசையாகும். துணியின் பின்புறத்திலிருந்து நோக்கினால் அவ்வெழுத்துக்கள் இடம்வலம் மாறியும் தோன்றும். எவற்றைக் கைவிட வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லவேண்டியதில்லை, தூரமே சொல்லிவிடும். தன் படத்தில் ஒன்றைத் தானாகவே விட்டுக்கொடுக்கும் பிள்ளை, தோற்றதாக எண்ணுவதில்லை.

எஞ்சுவது எளிதாகவே இருக்கும். கடலின் நீலமும் ஒரு வெண்ணிறத் தோணியும் போதும். கோயிலுக்குச் செல்லும் பிள்ளைக்கும், பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் செல்லும் பிள்ளைகளுக்கும் அந்தக் கடல் ஒன்றே.

இவ்வாறு உருவான கொடியைத் தையற்காரரிடம் கொடுக்குமுன், கடைசி வாங்கில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையிடமும் ஒருமுறை காட்டி, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பது ஆசிரியரின் கடமை. அப்பிள்ளை தலையசைத்த பின்னரே கொடி கம்பத்தில் ஏறுதல் வேண்டும்.