அரசின் சொல்லும் அயலவர் உறவும்

அரசின் சொல் தனிமனிதன் சொல்லைப் போன்றதன்று. சந்தையில் ஒருவன் கூறும் கடுஞ்சொல் மாலைக்குள் மறைந்துபோகும். அரசு கூறும் கடுஞ்சொல்லோ குடிமக்கள் மனத்தில் நெடுநாள் நிலைபெறும். இவ்வுண்மைக்கு இலண்டன் மாநகரில் 2013ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு செயல் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு யூலை மாதத்திலே பிரித்தானிய உள்நாட்டமைச்சு, விளம்பரப் பலகை தாங்கிய வண்டிகளை நகரின் ஆறு பகுதிகளில் ஓடவிட்டது. கைவிலங்கின் படமும், அனுமதியின்றித் தங்கியிருப்போர் வீடு திரும்பவேண்டும், இன்றேல் கைதுசெய்யப்படுவர் என்னும் எச்சரிக்கையும் அவற்றிற் காணப்பட்டன. பிரென்ற், ஈலிங், ரெட்பிரிட்ஜ் முதலிய அப்பகுதிகள் தென்னாசிய மக்கள் பெருந்தொகையினராய் வாழும் இடங்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் அங்கு உள.

எச்சரிக்கை ஒரு சிலரை நோக்கியதே. ஆயின், தெருவிற் செல்லும் வண்டி எவருடைய கடவுச்சீட்டையும் பார்ப்பதில்லை. ‘வீட்டுக்குப் போ’ என்பது 1970களில் இனவெறியர் சுவர்களில் எழுதிய சொல். அதனை அன்று கண்டு அஞ்சியவர்கள், குடியுரிமை பெற்று முதுமையடைந்த காலத்தில் அரசின் பெயராலேயே மீண்டும் கண்டனர். அயலவன் முகத்தை ஐயத்துடன் நோக்குதற்கு அச்சொல் இடமளித்தது. குடிவரவு குறித்துக் கவலைகொண்டோரேனும் ஆறுதலடைந்தனரா? அதுவுமில்லை. நிலைமை கைமீறிவிட்டது போலும் என்ற எண்ணமே அவருட் பலரிடம் வளர்ந்ததெனப் பின்னர் நிகழ்ந்த பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று.

பயன்தான் யாது? அமைச்சின் கணக்கின்படி, வண்டிகளைக் கண்டு நாட்டைவிட்டு அகன்றோர் பதினொருவரே. விளம்பரத்துக்கு மறுமொழியாக வந்த 1,561 குறுஞ்செய்திகளுள் 1,034 வெறும் கேலிச் செய்திகள். அவ்வாண்டு ஒக்ரோபரில், அமைச்சர் திரேசா மே அம்முறை தொடராதென அறிவித்தார்.

வண்டிகள் மறைந்தன, கடுமை மறையவில்லை. 2014, 2016ஆம் ஆண்டுச் சட்டங்கள் வீட்டுச் சொந்தக்காரரையும் வங்கிகளையும் குடிவரவுச் சோதனையில் ஈடுபடுத்தின. பல்லாண்டுகளுக்கு முன்னரே கரிபியன் தீவுகளிலிருந்து முறைப்படி வந்து குடியேறியவருட் பலர், பத்திரம் காட்ட இயலாது தொழிலையும் வீட்டையும் இழந்தமை 2018இல் நாடறிய வெளிப்பட்டது. உள்நாட்டமைச்சர் அம்பர் றட் பதவி துறந்தார்.

எல்லையைக் காத்தல் எந்நாட்டுக்கும் உரிய உரிமையே. ஆயினும், எல்லையிற் கூறவேண்டியதை வீட்டு வாயிலிற் கூறும் அரசு, அந்நியரை மட்டுமன்றித் தன் சொந்த மக்களையும் அந்நியராக்கிவிடுகின்றது.