பத்து ரூபாய் வாஷர்

(“வீட்டில் வரும் பழுதுகளுக்கு ஆளை அழைப்பதா? நாமே கை வைப்பதா?” என்னும் பட்டிமன்றத்தில், ‘நாமே கை வைப்பதே!’ என்ற அணியில் பேசியது)

அன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய நடுவர் அவர்களே! என்னோடு அணிவகுத்திருக்கும் தோழர்களே! ‘ஆளைக் கூப்பிடு, ஆளைக் கூப்பிடு’ என்று இவ்வளவு நேரம் கூப்பிட்டே களைத்துப் போயிருக்கும் எதிரணி நண்பர்களே! ஒழுகுகிற குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு இங்கே வந்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க பாருங்க... அப்ப வாளி வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “பேராசிரியர் பாடம் நடத்தணும், பிளம்பர் குழாயைப் பார்க்கணும். அவரவர் வேலையை அவரவர் செய்தால்தானே உலகம் நடக்கும்?” அப்படின்னார். நியாயமான கேள்வி. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இதே வசனத்தைத்தான் எங்க வீட்டில நான் பேசிக்கிட்டிருந்தேன்.

எங்க வீட்டுக் குளியலறையில ஒரு குழாய். பழைய பித்தளைத் திருகு குழாய். ஒரு நாள் சொட்ட ஆரம்பிச்சது. என் மனைவி வந்து, “என்னங்க, குழாய் ஒழுகுது” அப்படின்னாங்க. நான் தமிழ்ப் பேராசிரியர் இல்லையா? சும்மா இருக்க முடியுமா? “ஒழுகுறது குழாய் இல்லம்மா, தண்ணீர். இடத்தின் பெயர் அங்கே இருக்கிற பொருளுக்கு ஆகி வந்திருக்கு. இதுக்குப் பேர் இடவாகுபெயர்” அப்படின்னேன். அவங்க என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. “இடவாகுபெயரெல்லாம் நல்லாத் தெரியுது. ஒழுகுற இடம் மட்டும் தெரியலையே!” (பலத்த சிரிப்பு)

சரின்னு பிளம்பருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன். வேலை சுத்தமா இருக்கும். எங்க ஏரியாவில பாதி வீட்டுக்கு அவர் ஒருத்தர்தான். “சார், நாளைக்குக் காலையில வந்துர்றேன்” அப்படின்னார். ஐயா, தமிழில் காலம் மூன்று. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். நாலாவதா ஒரு காலம் இருக்கு. அதுதான் ‘நாளைக்கு வந்துர்றேன்’. எந்த இலக்கண ஆசிரியரும் அதுக்கு விதி எழுதலை! (சிரிப்பு) அவர் மேல நான் குறை சொல்லலைங்க. ஒரு வாஷர் மாத்துறதுக்காக, புது வீட்டு வேலையைப் பாதியில விட்டுட்டு எப்படி வருவார்?

இப்படியே மூணு மாசம் ஓடிச்சு. விநாடிக்கு ஒரு சொட்டு. என்ன பெரிசாப் போயிடும்னு நினைப்போம். கணக்குப் போடுங்க. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஏறக்குறைய 20 சொட்டு சேர்ந்தா ஒரு மில்லி. அப்போ ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல. மூணு மாசத்துக்கு 380 லிட்டரைத் தாண்டும். குடத்துக்கு 15 லிட்டர்னு வச்சா 25 குடம். கோடையில தண்ணிலாரி பின்னாடி குடத்தோட ஓடின தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

ஆனா, எங்க வீட்டில போனது தண்ணீர் மட்டும் இல்லைங்க.

அந்தச் சொட்டு விழுந்த இடத்தில தரை காயவே இல்லை. மெல்லிசாப் பாசி பிடிச்சிருந்தது. எங்கம்மாவுக்கு 80 வயசு. ஒரு நாள் விடியற்காலையில எழுந்து போனவங்க வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன். கட்டில் பக்கத்தில நான் உட்கார்ந்திருக்கேன். மயக்கம் தெளிஞ்சு கண் திறந்த அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? “தம்பி... அந்தக் குழாயை மூடிட்டியாப்பா?”

(அரங்கில் அமைதி)

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டில ஸ்பேனர் இரவல் வாங்கினேன். மாடிக்குப் போய், தொட்டியில இருந்து வர்ற கேட் வால்வை மூடினேன். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிய விட்டேன். தலைப்பக்கம் இருக்கிற நட்டை இடப்பக்கமாத் திருகினேன். கழண்டு வந்தது. உள்ளே தண்டுக்கு அடியில ஒரு கறுப்பு ரப்பர். நடுவில வெடிச்சிருந்தது. அதைக் கையில எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். “இதே அளவு கொடுங்க” அப்படின்னேன். பத்து ரூபாய். மாட்டித் திருகி, வால்வைத் திறந்தேன். சொட்டு நின்னு போச்சு. மொத்தம் அரை மணி நேரம். அதிலயும் இருபது நிமிஷம் எந்தப் பக்கம் திருகுறதுன்னு யோசிச்சதுதான்!

நடுவர் அவர்களே! அந்த அரை மணி நேரத்தை மூணு மாசத்துக்கு முன்னாடி நான் செலவழிச்சிருந்தா, எங்கம்மா விழுந்திருக்க மாட்டாங்க. அது பிளம்பர் தப்பு இல்லை. என் தப்பு.

அன்னைக்குத்தான் எனக்கு ஒரு தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் புரிஞ்சது. ரிப்பேருக்குத் தமிழில் என்ன பேரு? பழுது பார்த்தல். பழுது ‘நீக்குதல்’னு சொல்லலை. ‘மாற்றுதல்’னு சொல்லலை. பழுது பார்த்தல்! முதல் வேலை கைக்கு இல்லை, கண்ணுக்கு. நான் மூணு மாசமா அந்தக் குழாயைப் பார்க்கவே இல்லைங்க. வாளி நிறைஞ்சுதான்னு வாளியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். (கைதட்டல்) வள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தில வைத்தியருக்கு இந்த வரிசையைத்தான் சொன்னார். நோய் எதுன்னு பார், அது எதனால வந்ததுன்னு பார், தணிக்கிற வழி எதுன்னு பார். அப்புறம்தான் கை வைக்கச் சொன்னார்.

“குழாய் சரி, சின்ன வேலை. தீராத தொல்லைக்கு என்ன செய்வீங்க?” என்று எதிரணி அம்மையார் கேட்டாங்க. வாங்க, எங்க வீட்டுத் தோட்டத்துக்குப் போவோம்.

தோட்டம்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. எட்டுத் தொட்டி. அதில ஒரு செம்பருத்தி. அதுல வெள்ளை வெள்ளையாப் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. கடையில மருந்து வாங்கி அடிச்சேன். போச்சு. ரெண்டு வாரத்தில திரும்ப வந்தது. மறுபடி அடிச்சேன். மறுபடி வந்தது. பணம் போகுது, பூச்சி போகலை.

என் மனைவி ஒரு நாள் காப்பி டம்ளரோட செடிப் பக்கத்தில உட்கார்ந்து பார்த்தாங்க. “என்னங்க, பூச்சியை விடுங்க. எறும்பு வரிசையா மேல போகுது, கவனிச்சீங்களா?” அப்படின்னாங்க. அங்கே இருக்கு சூட்சுமம்! மாவுப்பூச்சி செடியோட சாற்றை உறிஞ்சிட்டு, இனிப்பா ஒரு திரவத்தை வெளியே விடும். எறும்புக்கு அதுதான் விருந்து. விருந்து போட்டவனைக் காப்பாத்தணுமே! அதனால மாவுப்பூச்சியைத் தின்ன வர்ற பொறிவண்டை எறும்பு விரட்டும். நாம திருடனை அடிக்கிறோம், காவலுக்கு நிக்கிறவனை விட்டுடறோம். (சிரிப்பு)

அப்புறம் என்ன? அதிகமா பூச்சி பிடிச்ச கிளையை வெட்டிப் பையில கட்டி அப்புறப்படுத்தினோம். மத்த இலைகளுக்கு, முக்கியமா இலையோட அடிப்பக்கத்துக்கு, வெயில் தாழ்ந்த பிறகு சோப்புக் கரைசல் தெளிச்சோம். சுவரைத் தொட்டுக்கிட்டிருந்த கிளையைக் கழிச்சோம், ஏன்னா அது எறும்புக்குப் பாலம். தண்டில ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, அது மேல கிரீஸ் தடவினோம்.

இதுக்கு முன்னாடி நான் ஒரு யோசனை சொன்னேன். “தொட்டிக்கு அடியில தட்டு வச்சுத் தண்ணி ஊத்திடுவோம். எறும்பு தாண்டாது.” அவங்க திருப்பிக் கேட்டாங்க: “எறும்புக்கு அகழி வெட்டிட்டு, கொசுவுக்குத் தொட்டில் கட்டப் போறீங்களா?” (பலத்த கைதட்டல்) உண்மைதானே! டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்லை. சுத்தமான தேங்கின தண்ணியில முட்டையிடும். நம்ம ஊர் வெப்பத்துக்கு ஒரு வாரம், பத்து நாளில முட்டை கொசுவாயிடும். அதனால வாரம் ஒரு தடவை தண்ணியைக் கொட்டணும். கொட்டினா மட்டும் போதாது. முட்டை தட்டோட ஓரத்தில ஒட்டிக்கிட்டு, தண்ணியே இல்லாம மாசக்கணக்கா உயிரோட இருக்கும். நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கே, வீட்டுக்குப் போய் அதையும் பாருங்க.

இந்த மாவுப்பூச்சி நம்ம மாநிலத்தையே ஆட்டி வச்சது உங்களுக்கு நினைவிருக்கும். 2008-இல் கோவையில பப்பாளி மாவுப்பூச்சியைக் கண்டுபிடிச்சாங்க. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் பாழாச்சு. விவசாயிகள் மருந்தை மாத்தி மாத்தி அடிச்சுப் பார்த்தாங்க. விஞ்ஞானிகள் வேரைப் பார்த்தாங்க. இந்தப் பூச்சிக்குப் பூர்வீகம் மெக்சிகோப் பக்கம். கடல் தாண்டி வந்தபோது, அதோட இயற்கை எதிரி கூட வரலை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைச்சு விட்டாங்க. பூச்சி அடங்கிச்சு. அது விஞ்ஞானிகள் செய்த பெரிய வேலைதான், மறுக்கலை. ஆனா அவங்க பார்த்ததும், காப்பி டம்ளரோட என் மனைவி பார்த்ததும் ஒரே பார்வைதான். ‘இது ஏன் திரும்பத் திரும்ப வருது?’ என்ற பார்வை!

“அப்படின்னா எல்லாத்திலயும் கை வைக்கலாமா?” வைக்கக் கூடாதுங்க! இங்கே நான் எதிரணியோட கை கோக்கிறேன். சுவருக்குள்ளே போற கரண்ட் வயர், வேண்டாம். கேஸ் வாசனை வந்தா, ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, எந்தச் சுவிட்சையும் தொடாதே, வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணு. கறை போகலைன்னு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊத்தாதே, குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். குழாய் ஓரத்து உப்புக் கறைக்கு வினிகரில நனைச்ச துணியை அரை மணி சுத்தி வச்சாலே போதும். செப்டிக் டேங்க்... அதுல நாமும் இறங்கக் கூடாது, இன்னொருத்தரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவியில்லாம மனிதனை அதில இறக்குறது குற்றம்னு 2013-ஆம் வருஷச் சட்டமே சொல்லுது. அதுக்கு இயந்திரம் இருக்கு. (கைதட்டல்) எங்கே கை வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிறதும் பழுது பார்த்தல்தான்.

பிளம்பர் பிழைப்பைக் கெடுக்கிறோம்னு சொன்னாங்க. இப்பவும் பெரிய வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுறேன். முன்னெல்லாம் “குழாய் ஒழுகுது, வாங்க” அப்படின்னு சொல்வேன். இப்போ, “புது மாடல் குழாய், கால் திருகு. உள்ளே வாஷர் கிடையாது, ஸ்பிண்டில் போயிருக்கு” அப்படின்னு சொல்றேன். “சார், சாமானை வாங்கிட்டே வந்துர்றேன்” என்கிறார். அன்னைக்கே வர்றார்!

எங்கம்மா இப்போ வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறாங்க. குளியலறை வாசலில ஒரு நிமிஷம் நின்னு, தரையை உத்துப் பார்ப்பாங்க. அப்புறம் “காஞ்சிருக்குப்பா” அப்படின்னு சொல்லிட்டு உள்ளே காலை வைப்பாங்க. எனக்குப் பல்கலைக்கழகம் ஒரு பட்டம் கொடுத்தது. ஆனா நான் தினமும் காலையில காத்திருந்து வாங்குற பட்டம், அந்த ஒரு சொல்தான்.

ஆகவே நடுவர் அவர்களே! ஆள் வருவார், நல்லா வரட்டும். அவர் வர்ற வரைக்கும் நம்ம வீட்டில இருக்கிறவங்க அந்த ஈரத்தில நடக்கணுமே! அதனால முதல்ல பார்க்க வேண்டியவன் வீட்டுக்காரன், முடிஞ்சா முதல்ல கை வைக்க வேண்டியவனும் வீட்டுக்காரனே என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டுக்குப் போனதும் அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வச்சிட்டு, குழாயைப் பாருங்க.