ரயருக்குக் காத்துப் பாருங்கோ

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஏ.எல். படிச்சு முடிச்சு, இப்ப தொழிற்சாலையில் இரவு வேலை செய்யிறவன் நான். காருக்குக் காத்து அடிக்கிறதைப் பற்றிச் சொல்லத்தான் வந்தனான், சிரிக்காதேங்கோ.

1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை வந்தபிறகு, அப்பா எங்களைச் சைக்கிளில்தான் ஏற்றித் திரிந்தவர். சைக்கிளில் காத்துக் குறைந்தால் கால் உடனே சொல்லிவிடும். காரில் அது தெரியாது.

ரயர் உருளும்போது நிலத்தில் படுகிற பகுதி நசிந்து, மேலே வர நிமிரும். நசிக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் றப்பர் திருப்பித் தராது. மிச்சம் சூடாகப் போய்விடும். இதுதான் உருளல் தடை. காத்துக் குறையக் குறைய நசிவும் சூடும் கூடும், பெற்றோலும் கூடச் செல்லும்.

இந்த நாட்டுக் குளிர் செய்யிற வேலையைப் பாருங்கோ. 20 பாகையில் 35 பி.எஸ்.ஐ. அடித்த ரயர், மைனஸ் 20இல் ஓட்டையே இல்லாமல் 28க்கு இறங்கிவிடும். பௌதிகத்தில் பாடமாக்கின அதே வாயு விதிதான். அதைவிட மாதம் ஏறக்குறைய ஒன்று தானாகவும் கசியும். 7 குறைந்தால் பெற்றோல் நட்டம் நூற்றுக்கு ஒன்றரைக்குக் கிட்டத்தான். எனக்குப் பயம் அந்தச் சூடு.

ஒரு ஆடி மாதம், வெக்ஸ்போர்ட்டிலிருந்து ஐந்துபேர் வேலைக்குப் போகேக்க, 401இல் பின் ரயர் வெடித்தது. என்ர கார். குளிர்காலம் தொடங்கினதிலிருந்து நான் காத்துப் பார்க்கவேயில்லை. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் மற்ற நாலு வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்லியிருப்பன்?

அடிக்கவேண்டிய அளவு சாரதிப் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். ரயரில் எழுதியிருப்பது உச்ச அளவு, அது வேண்டாம். கார் ஓட முதல், ரயர் குளிர்ந்திருக்கேக்க பாருங்கோ. மானி ஒன்று கொண்டுவந்திருக்கிறன். கூட்டம் முடிய வெளியில் வாங்கோ, உங்கட காரையும் பார்ப்பம்.